எல்லைக்கல்லும் நீர்க்கணக்கும்: பள்ளிக்கரணையும் கொழும்பும் எங்கள் குளத்துக்குச் சொல்வது

2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு கொழும்பில் பிடித்த மழை, விடிவதற்குள் 400 மில்லிமீற்றரைத் தாண்டியது. தியவன்னா ஓயாவின் நடுவே நிற்கும் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் ஏறியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2015 டிசெம்பர் 1ஆம் திகதி தொடங்கிய ஒரே நாளில், சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் 490 மில்லிமீற்றர் கொட்டியது. வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் சனம் மொட்டைமாடிகளில் நின்று படகுக்குக் காத்திருந்தது. இரண்டு நகரங்களிலும் தண்ணீர் போய் நின்ற இடங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன்னர் சதுப்பாகவோ ஏரியாகவோ வயலாகவோ இருந்தவை.

இரண்டு நகரங்களும் தங்கள் சதுப்பு நிலங்களைக் காக்கத் திட்டம் போட்டன. போட்ட விதம் வேறு. சென்னை, பள்ளிக்கரணையைச் சுற்றி ஒரு கோடு கீறி அதை வனத்துறையின் கையில் கொடுத்தது. கொழும்பு, தன் சதுப்பு எவ்வளவு வெள்ளத்தை ஏந்துகிறது என்று கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கை நகரத் திட்டத்துக்குள் வைத்தது. ஒன்று எல்லைக்கல்லை நம்பியது, மற்றது நீர்க்கணக்கை நம்பியது. இவை இரண்டையும் எங்கள் ஊரான உருத்திரபுரத்திலிருந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கிளிநொச்சி நகரம் வளர்கிறது. நகரத்தின் பக்கத்திலேயே ஒரு குளம் கிடக்கிறது. நாங்கள் அந்த நகரத்துக்குக் கீழ்ப்பக்கத்தில், வாய்க்கால் இலக்கங்களைச் சொல்லி ஊர் அடையாளம் காட்டும் இடத்தில் இருக்கிறோம். மேலே குளத்துக்கு என்ன நடந்தாலும் அது எங்கள் வயல் வரம்புக்கு வந்து சேரும்.

பள்ளிக்கரணையில் இருந்து தொடங்கலாம். தென்சென்னையின் கழுவேலி அது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீற்றர் நிலப்பரப்பின் மழைநீர், ஏரிக்கு ஏரி வழிந்து, கடைசியில் இங்கே வந்து தங்கும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளத்து முகத்துவாரத்தில் கடலைச் சேரும். வன்னியில் குளத்துக்குக் குளம் தொடுத்த நீர்வழியை அறிந்த எவருக்கும் இந்த அமைப்பு புதிதாகத் தெரியாது. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரியின் வரவு. தொடரின் கடைசியில் கழுவேலி வாய் திறந்து கிடந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் வாங்கியதைக் கோடையில் மெல்ல நிலத்துக்குள் இறக்கும். பக்கத்துக் குடியிருப்புகளின் கிணறுகளுக்கு உவர் ஏறாமல் தடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

1960களில் இந்தக் கழுவேலி சுமார் 5,000 ஹெக்டேயர் பரந்து கிடந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு நகரம் தெற்கே நகர்ந்தது. காணிப் பதிவேட்டில் புறம்போக்கு, பார்வைக்குச் சேறு. ஆகவே யாருக்கு இடம் தேவைப்பட்டாலும் இங்கே கை நீண்டது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது, காற்றாலை ஆய்வு நிலையம் வந்தது, வேளச்சேரிப் பறக்கும் ரயில் வந்தது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடிச் சாலை சதுப்பை ஊடறுத்துப் போனது. கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் அணிவகுத்தன. வடபுறத்தில், பெருங்குடியில், மாநகராட்சி குப்பை கொட்டியது. அந்தக் குப்பைமேடு ஏறத்தாழ 225 ஏக்கர் வரை பரவியது. அரசாங்கத்தின் ஆய்வு நிறுவனங்களே அங்கே கட்டடம் எழுப்பியிருக்கும்போது, பக்கத்தில் வீடு கட்டிய சாதாரண மனிதரை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீட்பு மேலிருந்து வரவில்லை. குப்பை எரியும் புகையில் மூச்சு முட்டிய குடியிருப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கேர் எர்த் அறக்கட்டளை, அங்கே வாழும் உயிர்களைக் கணக்கெடுத்தது. செடி, பறவை, மீன், பாம்பு, தவளை என்று 300க்கு மேற்பட்ட இனங்கள். குப்பைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் பூநாரை இறங்குகிறது, கூழைக்கடா வருகிறது, நீலத் தாழைக்கோழி குஞ்சு பொரிக்கிறது என்பது எழுத்தில் வந்த பிறகுதான் அரசு அதைச் சேறு என்று சொல்வதை நிறுத்தியது. 2007இல் 317 ஹெக்டேயர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் இன்னும் சில துண்டுகள் சேர்ந்து வனத்துறையின் கையிலுள்ள பரப்பு ஏறத்தாழ 700 ஹெக்டேயர் ஆனது. 2022இல் பள்ளிக்கரணை, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் பட்டியலில் ஏறியது. இந்தப் பணிக்காக அந்த அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சார் உடன்படிக்கையின் விருது கிடைத்தது. ஒரு சதுப்புக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்று வேலை செய்தவருக்குக் கிடைத்த மரியாதை அது.

இனிக் கொழும்பு. தலைநகரத்தின் கிழக்குப் பக்கத்தில் கொலன்னாவை, கோட்டே, தலவத்துகொட, தலங்கம என்று சிதறிக் கிடக்கும் சதுப்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 20 சதுர கிலோமீற்றர். பள்ளிக்கரணையைப் போல ஒரே தொட்டியாக இல்லாமல், கால்வாய்களால் கோக்கப்பட்ட பல தொட்டிகள். இந்தச் சதுப்புகளோடு வடக்குக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோன் என்ற பிரபு கோட்டையைக் கட்டக் கோட்டேயைத் தேர்ந்தது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படையைத் தடுக்கத்தான். மதிலுக்கு வெளியே அகழி வெட்ட வேண்டிய வேலையில் பெரும்பகுதியைச் சதுப்பு ஏற்கெனவே செய்து வைத்திருந்தது.

அந்தச் சதுப்பை நிரப்புவதற்கென்றே 1968இல் சட்டம் இயற்றி ஒரு சபை அமைத்தார்கள். தாழ்நிலங்களை மீட்டு, வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் காணியாக்குவது அதன் பணி. அதுவே பின்னர் இலங்கை காணி மீட்டல் அபிவிருத்திக் கூட்டுத்தாபனமாக வளர்ந்தது. 1980களுக்குப் பிந்திய மூன்று தசாப்தங்களில் கொழும்பு தன் ஈரநிலத்தில் ஏறத்தாழ 40 வீதத்தை இழந்தது. அப்படியிருந்தும், தியசரு ஈரநிலப் பூங்காவை உருவாக்கியது அதே கூட்டுத்தாபனம்தான். நிரப்பும் நிறுவனம் காவல் நிறுவனமாக மாறியது இந்த ஒப்பீட்டில் நான் கண்ட மிகப் பெரிய செய்தி. அது எப்படி நடந்தது என்பதில் எங்களுக்குப் பாடம் இருக்கிறது.

மனமாற்றத்துக்கு முதற் காரணம் கணக்கு. 2010 வெள்ளத்துக்குப் பிறகு, 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கால்வாயை அகலப்படுத்து, நீரிறைக்கும் நிலையம் போடு, சுரங்கவழி தோண்டு என்பதுதான் அதன் முதல் எண்ணம். ஆனால் பொறியியலாளர்கள் மழையையும் ஓட்டத்தையும் கணினியில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. எஞ்சியிருக்கும் சதுப்பும் போனால், எத்தனை பம்பி வைத்தாலும் நகரத்தைக் காக்க முடியாது. முழுச் சதுப்பும் அழிந்தால் வெள்ளத்தால் ஆண்டுக்குச் சராசரியாகப் பெருநகர உற்பத்தியின் ஒரு வீதம் போய்விடும் என்று மதிப்பிட்டார்கள். 2016இல் வந்த ஈரநில முகாமைத்துவ மூலோபாயம் இந்தக் கணக்கின் மேல் எழுதப்பட்டது. நகருக்குள் வாழும் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் அதில் இடம்பிடித்தன. ஆனாலும் வாதத்தை வென்றது வெள்ளக் கணக்குத்தான். 2018 ஒக்ரோபரில் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது யாருடைய மொழியில் வழக்கு வெல்லப்பட்டது என்பது. சென்னையில் பறவை பேசியது. பறவைக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் உண்டு. காடு என்ற வகைக்குள் வந்தால் தமிழ்நாடு வனச் சட்டம் காவலுக்கு வரும். ஆகவே சதுப்பைக் காடாக்கினார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது இனி யாராலும் இலகுவில் தொட முடியாத நிலம். கொழும்பில் தண்ணீர் பேசியது. திறைசேரிக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் விளங்கும் மொழி அது. ஆகவே சதுப்பை நகரத்தின் உட்கட்டமைப்பாக, வடிகானும் பாலமும் போல, எழுதி வைத்தார்கள்.

சென்னையின் வழி தோற்கும் இடம் கோட்டின் வெளிப்பக்கம். தண்ணீர் வனத்துறையின் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மேலேயுள்ள ஏரிகளின் வரத்துக்கால்கள் அடைபட்டால், கீழே ஒக்கியம் மடுவு ஒடுங்கினால், நடுவில் உள்ள 700 ஹெக்டேயரை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் வெள்ளம் ஊருக்குள்தான் ஏறும். 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பள்ளிக்கரணை ராம்சார் தலமாகி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மறுபடியும் படகு ஓடியது.

இன்னொரு சிக்கல் இன்னும் ஆழமானது. ராம்சார் பட்டியலில் பதியப்பட்ட பரப்பு 1,247.54 ஹெக்டேயர். வனத்துறையின் கையில் இருப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். மிச்சம் எந்தெந்த நிலத்துண்டு, யார் பேரில், எந்த அளவை எண்ணில் என்பது பதிவின்போதே கல் நட்டு முடிக்கப்படவில்லை. அந்த இடைவெளிக்குள் கட்டட அனுமதிகள் நுழைந்தன. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் தாக்கப் பரப்பு வரையறுக்கப்படும்வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் புதிய கட்டட அனுமதி கொடுக்க வேண்டாம் என்று உத்தரவிட்டது. அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கான அனுமதி சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. கடன் வாங்கி அங்கே வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் இன்று தங்கள் சொத்துக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் தவிக்கின்றன. 2007இலேயே முழுப் பரப்புக்கும் அளவைக்கல் நட்டிருந்தால், இவ்வளவு வழக்கும் இவ்வளவு கண்ணீரும் மிச்சமாகியிருக்கும்.

கொழும்பின் வழி தோற்கும் இடம் வேறு. கணக்கை நம்பிக் காக்கப்படும் நிலம், இன்னொரு கணக்கு பெரிதாக வரும்போது ஆட்டம் காணும். 2020களின் தொடக்கத்தில், தூண்களின் மேல் போகும் ஒரு அதிவேகப் பாதையைத் தலங்கம ஈரநிலத்துக்கு மேலாகக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். தலங்கம 2007இலேயே சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடம். ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இருந்தும் ஊரவரும் சூழலியலாளரும் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போகவேண்டியிருந்தது. நகர அங்கீகாரம் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. ராம்சார் தலம் ஒருமுறை பட்டியலில் ஏறினால் அப்படிக் காலாவதியாவதில்லை. பெருமை அளவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காவல் அளவில் ஒன்றல்ல.

குப்பை விடயத்தில் மட்டும் இரண்டு நகரங்களுக்கும் வேற்றுமை சொல்ல அதிகம் இல்லை. பெருங்குடிக்குச் சமமாகக் கொழும்புக்கு மீதொட்டமுல்ல. கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்தில் மலையாக எழுந்த அந்தக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புதுவருட நாளில், சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். சதுப்புக்குப் பக்கத்தில் குப்பை கொட்டுவதை இடவசதியாக நினைத்த நிர்வாகங்கள் எல்லாவற்றுக்கும் அந்த நாள் ஒரு சாட்சி. பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை அண்மை ஆண்டுகளில் நடக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் தசாப்தக் கணக்கில் நிலத்துக்குள் இறங்கிய கழிவுநீரை எந்த இயந்திரமும் தோண்டி எடுக்காது.

ஏழைகள் விடயத்திலும் இரண்டு நகரங்களும் ஒரே பிழையின் பக்கம் சாய்ந்தன. சென்னையில் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். இந்த இடங்களெல்லாம் பள்ளிக்கரணையின் நீர் பரவும் தாழ்நிலத்தை ஒட்டியவை. ஒரு நீர்நிலையைக் காக்கிறோம் என்று எடுத்த மனிதரை இன்னொரு நீர்நிலையின் வெள்ளப் பாதையில் கொண்டுபோய் இருத்தினார்கள். கொழும்பில் கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கு அடுக்குமாடி கிடைத்தது. ஆனால் கரையோடு சேர்ந்திருந்த பிழைப்பு பலருக்குப் போனது. ஈரநிலம் காப்பது என்றதும் முதலில் குடிசையை அளப்பதும், பெரிய கட்டடத்தைக் கடைசியில் அளப்பதும் எங்கும் நடக்கிறது. இதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே திருத்தாவிட்டால் ஊர்ச்சனம் காவலுக்கு வராது, எதிர்ப்பக்கம் நிற்கும்.

இப்போது எங்கள் பக்கம்.

கிளிநொச்சிக் குளத்தைக் கண்டி வீதியால் போகிறவர்கள் ஒரு காட்சியாகப் பார்ப்பார்கள். அது ஒரு தொடரின் ஒரு கண்ணி. கனகராயன் ஆறு இரணைமடுவில் தேங்குகிறது. இரணைமடுவின் இடது கரைப் பக்கத்து நீர், கிளிநொச்சியைத் தாண்டி எங்கள் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. வான் பாய்ந்தால் மிகுதி ஆற்றுவழியே வடக்கே இறங்கிக் கடல்நீரேரியில், சுண்டிக்குளம் பக்கமாகச் சேரும். சுண்டிக்குளம் 1938இலிருந்து பறவைகள் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதாவது எங்கள் நீர்வழியின் கடைசிக் கண்ணி சட்டத்தின் காவலுக்குள் இருக்கிறது. நகரத்துக்குள் உள்ள கண்ணிதான் வெறுமையாக நிற்கிறது. 2018 டிசெம்பர் பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க, கிளிநொச்சி மாவட்டத்தின் தாழ்ந்த ஊர்கள் மூழ்கின. தண்ணீர் தன் பழைய பாதையை மறக்கவில்லை என்பதை அந்த நாட்களில் எல்லோரும் கண்டோம்.

சென்னைக்கும் கொழும்புக்கும் கிடைக்காத மூன்று வசதிகள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன.

முதலாவது காலம். குளத்தின் அலைகரையில் பெரும்பகுதி இன்னும் அலைகரையாகவே கிடக்கிறது. மாரியில் தண்ணீர் ஏறி, கோடையில் இறங்கி, மாடு மேயும் நிலம். மருதமரமும் சம்பும் நிற்கும் இடம். பார்ப்பவருக்கு ஆறு மாதம் வெற்றுக் காணி போலத் தோன்றும். பள்ளிக்கரணையும் அப்படித்தான் தோன்றியது. நகரத்தில் காணி விலை ஏறும் வேகத்துக்கு, வெற்றாகத் தெரியும் நிலத்தின் மேல்தான் முதலில் கண் விழும். போருக்குப் பின் திரும்பி வந்து, காணி இல்லாமல் குளத்து ஒதுக்கிடத்தில் கொட்டில் போட்ட குடும்பங்களை ஒரு பக்கமும், வீதியோரத்தில் மண் நிரப்பிக் கடை எழுப்பக் கூடியவர்களை இன்னொரு பக்கமும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாமவர்களுக்கு மேட்டுக்காணி கொடுத்த பிறகே எழும்பச் சொல்ல வேண்டும். இரண்டாமவர்களுக்கு அத்திவாரம் போடும் முன்னரே மறுப்புச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர்க் கணக்கு. கொழும்பு பெரும் செலவில் மாதிரி செய்து அறிந்ததில் ஒரு பங்கு எங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. குளத்து நீர்மட்டம், வான் பாய்ந்த நாள், துருசு திறந்த அளவு எல்லாம் எழுதப்படுகின்றன. இல்லாதது ஒன்றே: அந்தக் கணக்கை நகரத் திட்டத்தோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம். கிளிநொச்சிக் குளமும் அதன் அலைகரையும் கீழேயுள்ள வயலும் சேர்ந்து ஒரு பெருமழையில் எவ்வளவு தண்ணீரை ஏந்துகின்றன, அதில் பத்தில் ஒரு பங்கு நிரம்பினால் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு ஏறும் என்று ஒரு படம் வரைந்து கரைச்சிப் பிரதேச சபையின் சுவரில் தொங்கவிட வேண்டும். கட்டட அனுமதி கேட்டு வருபவரும் கொடுப்பவரும் அதைப் பார்க்கட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. பள்ளிக்கரணைக்கு ஒரு குடியிருப்பாளர் சங்கமும் ஒரு அறக்கட்டளையும் வேண்டியிருந்தன. கொழும்புக்கு ஒரு வெளிநாட்டுக் கடன் வேண்டியிருந்தது. கடன் முடிந்த பிறகு பூங்காவின் பலகைப் பாதையைப் பராமரிப்பது யார் என்ற கேள்வி அங்கே எப்போதும் நிற்கும். எங்கள் குளங்களுக்குக் காவல்காரர் ஏற்கெனவே உண்டு. கமக்காரர் அமைப்புகள். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் கூடும் கூட்டத்தில் எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று எடுக்கும் தீர்மானம் சட்டப்படி கட்டுப்படுத்தும். இந்த அமைப்புகளின் பலம் எல்லோருக்கும் தெரியும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, எங்கள் போகம் என்னாவது என்று அவர்கள் எழுப்பிய கேள்வியைத் தாண்ட முடியவில்லை. யாழ்ப்பாணத்துத் தாகமும் நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தது அந்தச் சிக்கலுக்குக் கிடைத்த ஒரு வழி. ஆனால் ஒரு நீர்நிலையில் பங்குள்ள மனிதர் கூட்டம் தங்களைக் கேட்காமல் அதைத் தொட விடாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

குறை என்னவென்றால், அந்தக் கூட்டங்களில் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறோம். குளத்து எல்லையைப் பற்றிப் பேசுவதில்லை. நகரத்துக்குள் வந்த குளத்தின் கீழ் வயல் குறையக் குறைய, அந்தக் குளத்துக்காகப் பேசும் கமக்காரரும் குறைவர். கடைசி வயலும் காணித்துண்டாக விற்கப்பட்ட நாளில் குளத்துக்கு ஆள் இல்லாமல் போகும். சென்னையின் ஏரிகளுக்கு நடந்தது இதுதான். ஆயக்கட்டு போனது, பிறகு ஏரி போனது. ஆகவே நகரக் குளத்தின் அமைப்பில் கமக்காரரோடு நகரவாசிக்கும், குளத்தில் வலை போடுபவருக்கும், குழாய்த் தண்ணீர் குடிப்பவருக்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு போகக் கூட்டத்திலும் ஒரு விடயம் நிரந்தரமாக நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும்: போன போகத்திலிருந்து இந்தப் போகம்வரை குளத்து ஒதுக்கிடத்தில் என்ன மாறியது. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து, கூட்டத்தார் முன் வாசிக்க வேண்டும்.

பூங்கா பற்றியும் சொல்ல வேண்டும். நகரக் குளம் என்றதும் எங்கள் உள்ளூராட்சி மன்றங்களுக்கு முதலில் தோன்றுவது நடைபாதை, வாங்கு, மின்விளக்கு, தேநீர்க்கடை. வவுனியாவில் நகரத்துக் குளத்தின் ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பிச் சுற்றுலா மையம் அமைத்தபோது மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததை நாங்கள் பார்த்தோம். அழகுபடுத்துவதற்காகக் குளத்தைச் சுருக்குவது அழிவின் ஒரு வகை. கொழும்பின் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் செய்தது அதற்கு மாறானது. பாதையைத் தூணில் உயர்த்தி, தண்ணீரைக் கீழே விட்டு, சதுப்பை அதன் போக்கில் கிடக்க விட்டார்கள். கிளிநொச்சிக் குளக்கட்டில் மாலையில் நடக்க இடம் வேண்டும் என்பதில் எனக்கும் விருப்பமே. கட்டில் நடக்கலாம். அலைகரையில் கொங்கிறீற் போடக் கூடாது.

சட்டத்தின் கையைப் பொறுத்தவரை நான் சென்னையின் பக்கம் சாய்கிறேன். கணக்கு ஆளை மாற்றும். கல் ஆளைத் தடுக்கும். கணக்கால் மாறிய மனம் ஆட்சி மாறும்போது திரும்ப மாறலாம். எனவே கொழும்பு தொடங்கிய இடத்தில் நாங்கள் தொடங்கி, சென்னை அரைகுறையாக விட்ட இடத்தை முடிக்க வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒரு நிலத்தைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்க வழி உண்டு. தலங்கமைக்குச் செய்தது கிளிநொச்சிக் குளத்துக்கும் அதன் வான்வழிக்கும் கழிவாய்க்கால்களுக்கும் செய்யக் கூடியது. காட்டு இலாகாவிடம் கொடுக்கச் சொல்லவில்லை. வன்னியில் அந்தத் திணைக்களம் கல் நட்டுப் போன இடங்களில் மக்களின் வயலும் மேய்ச்சல் தரையும் அகப்பட்டுக்கொண்ட மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. கல்லை நடும்போது கமக்காரர் அமைப்பும் கிராம அலுவலரும் அளவையாளரும் கூட நிற்க வேண்டும். நட்ட இடம் குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு மேலே, வெள்ள மட்டத்தில் இருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் நிற்கும் விளிம்பில் நட்டால், அது குளத்தின் எல்லையாக இருக்காது. அடுத்த காணியின் வேலியாகத்தான் இருக்கும்.

உருத்திரபுரத்தைப் போன்ற ஊர்கள் காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி எழுந்தவை. எங்களுக்கு முந்திய தலைமுறை யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்து, தண்ணீர் வரும் என்ற ஒரே உறுதியை நம்பி இங்கே குடியேறியது. அந்த உறுதியை அன்று கொடுத்தது அரசாங்கம். இன்று நகரம் வளர்வதால் அது தளர்கிறதென்றால், நகரத் திட்டத்தை எழுதும் மேசையில் எங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும். கிளிநொச்சியின் நகர அபிவிருத்தித் திட்டம் பற்றி அடுத்த முறை மாவட்டச் செயலகத்தில் கூட்டம் வைக்கும்போது, குளத்துக்கு மேலே இருப்பவர்களை மட்டும் அழைக்காமல், எட்டாம் வாய்க்காலிலும் பத்தாம் வாய்க்காலிலும் இருப்பவர்களையும் அழைக்க வேண்டும் என்று கரைச்சிப் பிரதேச சபைக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் எங்கள் அமைப்புகள் இந்தக் காலபோகம் தொடங்கும் முன்னரே எழுத்தில் கேட்க வேண்டும்.